முக்கால் சுற்று

டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு,
குழாயடியில் துளி சொட்டுகிற மாதிரி படம்.
டீசலில் தண்ணீர் என்று அர்த்தம்.
ஊருக்கே லாரியில் தண்ணீர் வரும் மே மாதத்தில்
என் ஜீப்புக்கு மட்டும் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது.

புதுப்பேட்டையில் ஜபருல்லா
மாடல் கேட்டார், வருஷம் கேட்டார்,
"ஃபோர் வீலா?" என்று கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.
"மடிப்பாக்கத்துல எந்த மலைங்க ஏறுறீங்க?"
அறுநூற்று நாற்பது. பில் கிடையாது.
ரப்பர் வளையம் ஒன்று உபரி.

ஞாயிறு, வெயில் ஏறும் முன்
பானெட்டுக்குத் துடைப்பக் கட்டை முட்டுக் கொடுத்தேன்.
ஹெப்சிபா காலி ஊறுகாய் பாட்டிலை நீட்டினாள்.
அடித்திருகைத் தளர்த்தினால்
முதலில் வருவது தண்ணீர்தான்,
கனமானது அடியில் நிற்கும்.
பிறகுதான் டீசல்,
வெந்தயம் ஊறிய எண்ணெயின் நிறத்தில்.
பாட்டிலுக்குள் இரண்டும் கலங்கி, பிரிந்து,
நடுவில் ஒரு கோடு போட்டுக்கொண்டன.

"இது எந்தத் தண்ணி?"

பங்க் தண்ணி, என்றேன்.
அவள் அதைக் கேட்கவில்லை
என்று எனக்குத் தெரியும்.

ஏழு வருஷத்தில் ஒரே ஒரு ராத்திரிதான்
நாலு சக்கரத்தையும் இழுக்க விட்டேன்.
வேளச்சேரி தாண்டி
ரோடு எது ஏரி எது என்று தெரியாத டிசம்பர்.
சின்ன லீவர் தடக்கென்று விழ
முன்சக்கரங்கள் கவ்வின.
இவள் மடியில் பையன், பையன் மடியில் பூனை.
ஹெட்லைட்டில் ஓர் ஆள்,
இடுப்பளவு தண்ணீரில்.
தோளில் இருந்தது அரிசி மூட்டையா, வேறெதுவுமா,
வைப்பர் போய்த் திரும்புவதற்குள்
முடிவுக்கு வர முடியவில்லை.
ஒரு கையைத் தூக்கினான்.

"யாரோ கை காட்டுறாங்க."
"நிறுத்தினா நின்னுடும்."

நின்றிருக்கும். அது பொய்யில்லை.
சைலன்சர் வழியாக ஏறியிருக்கும்.
எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் அதையே சொல்வான்.
கேட்டிருக்கிறேன், மூன்று பேரை.

அதற்குப் பிறகு நாலு ஃபில்டர் மாற்றியாயிற்று.
இது அந்தத் தண்ணீர் இல்லை.

பழசைப் பட்டையால் சுற்றித் திருகினேன், வரவில்லை.
ஸ்க்ரூடிரைவரைக் குத்தி நெம்பியதில்
முழங்கை வரை டீசல்.
புதுசின் வளையத்தில் விரலால் தடவி,
கையால் திருகி,
ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்று.
அதற்கு மேல் இறுக்கினால்
அடுத்த தடவை கழற்றுகிறவன் சபிப்பான்.
அடுத்த தடவையும் நான்தான்.

இனி காற்றை வெளியேற்ற வேண்டும்.
ஒரு கொப்புளம் மிச்சமிருந்தாலும் எஞ்சின் பிடிக்காது.
கைப்பம்பை அவளிடம் கொடுத்தேன்.
"எவ்ளோ நேரம் அமுக்கணும்?"
"கெட்டியாகுற வரைக்கும்."

மேல்திருகில் நுரை.
இன்னும் நுரை.
மாநகராட்சிக் குப்பை வண்டி பாட்டுப் போட்டபடி வந்து
தெருவில் வளைய இடமில்லாமல் நின்றது.
டிரைவர் இறங்கி எட்டிப் பார்த்தார்.
"ஏர் லாக்கா?" என்றார்.
ஹாரன் அடிக்காமல், பாட்டை நிறுத்திவிட்டு
ஓரமாகக் காத்திருந்தார்.

அறுபதோ எழுபதோ, எண்ணவில்லை,
அமுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:
"அது மூட்டை இல்ல."

நுரை அடங்கி
டீசல் கம்பி மாதிரி வந்தது.
திருகை மூடினேன்.
கொஞ்ச நேரம் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்,
ஏற்கெனவே துடைத்த விரல்களையே.

சாவி. இருமல்.
சாவி. இருமல், வெள்ளைப் புகை.
மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.
மஞ்சள் விளக்கு அணைந்தது.

பழைய ஃபில்டரைக் குப்பை வண்டிக்காரர் வாங்கிக்கொண்டார்.
பாட்டிலைக் காட்டினேன்.
தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.
"இத எங்க சார் ஊத்துறது?" என்று
என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

சாக்கடையில் முடியாது, செடிக்கு ஆகாது.
மூடி போட்டு மொட்டைமாடிச் சுவரில் வைத்தேன்.
துணி காயப்போடப் போகிறவள்
அதை நகர்த்துவதில்லை.
ஆனி போய் ஆடி வந்துவிட்டது.
மேலே இருப்பது வெயிலில் வெளிறிக்கொண்டே வருகிறது.
கோடு அப்படியே இருக்கிறது.